மொறுமொறு பன்றி இறைச்சி: வீட்டில் செய்வது எப்படி? அந்தமானில் கவனிக்க வேண்டியவை என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் புகழ்பெற்ற ‘சியூ யுக்’ என்னும் பன்றி இறைச்சி உணவை வீட்டு ஓவனிலேயே தயாரிக்கலாம். அப்பளம்போல் நொறுங்கும் தோலும் மென்மையான சதையும் இதன் சிறப்பு. எனினும், ஈரப்பதம் மிகுந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இதைச் சமைப்போர் சில செய்திகளை அறிந்திருப்பது அவசியம்.

செய்முறை

தோலுடன் கூடிய வயிற்றுப்பகுதி இறைச்சி ஒரு கிலோ எடுத்து, கொதிநீரில் 10 நிமிடங்கள் வேகவைத்துத் துடைக்க வேண்டும். கூரிய கம்பியால் தோல் முழுவதும் நெருக்கமாகக் குத்த வேண்டும். துளை சதைவரை இறங்கக் கூடாது. உப்பு, சிறிது சர்க்கரை, ஐந்து மசாலாப் பொடி ஆகியவற்றைச் சதைப்பகுதியில் மட்டும் தடவ வேண்டும். அன்னாசிப்பூ, சோம்பு, பட்டை, கிராம்பு, சிச்சுவான் மிளகு ஆகியவை சேர்ந்ததே இப்பொடி. தோலில் வினிகர் பூசி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைக்க வேண்டும்.

மறுநாள் தோலின்மீது கல்லுப்பைப் பரப்பி, 180 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். பின்னர் உப்பை அகற்றிவிட்டு, 230 முதல் 240 டிகிரியில் 20 முதல் 30 நிமிடங்கள் வைத்தால் தோல் கொப்புளித்து மொறுமொறுப்பாகும்.

தோல் உலர்வது ஏன் முக்கியம்?

தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் வெந்நீரில் இளகுகிறது. பின்னர் கடும் வெப்பத்தில் தோலுக்குள் எஞ்சியுள்ள சிறிதளவு நீர் ஆவியாகித் தோலை உப்பச் செய்கிறது. மேற்பரப்பு ஈரமாக இருந்தால் வெப்பம் அதை உலர்த்துவதிலேயே செலவாகி, தோல் வார்போல் இறுகிவிடும். தீவுகளின் ஈரக்காற்றில் இறைச்சியை வெளியில் உலர்த்தினால் தோல் காயாது, கிருமிகளும் பெருகும்.

பாதுகாப்பு

இறைச்சித் துண்டின் நடுப்பகுதி குறைந்தது 63 டிகிரியை எட்டி, 3 நிமிடங்கள் ஆறிய பிறகே உண்ண வேண்டும். கொத்திய இறைச்சிக்கு இந்த அளவு 71 டிகிரி. சரியாக வேகாத இறைச்சியில் உள்ள இளம்புழுக்களால் குடலில் நாடாப்புழு உருவாகலாம். பாதிக்கப்பட்டவரின் மலம்வழி வெளியேறும் முட்டைகள் நீர் அல்லது உணவுடன் பிறர் உடலில் சேர்ந்தால், மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு ஏற்படக்கூடும். எனவே கழிப்பறைத் தூய்மையும் கைகழுவுதலும் சமையலைப் போலவே முக்கியமானவை.

கழிவை என்ன செய்வது?

இறைச்சிக் கழிவுகளைப் பன்றிகளுக்குத் தீவனமாக அளிக்கக் கூடாது. 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தாக்காது; ஆனால் பன்றிகளைப் பெருமளவில் கொல்லும். இதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. உறைந்த இறைச்சியிலும் இந்த வைரஸ் நீண்ட காலம் உயிர்ப்புடன் இருக்கும்.

இத்தீவுகளில் இழப்பு பெரிதாக இருக்கும். இங்குள்ள நிக்கோபாரி, அந்தமானி என்னும் இரு பன்றி இனங்களும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தில் பதிவுபெற்றவை. நிக்கோபாரிப் பன்றிகள் தேங்காயை உண்டு, குடியிருப்புகளைச் சுற்றித் திரிந்து வளர்பவை. நிக்கோபார் மக்களின் கூட்டுக் குடும்பங்கள் முன்னோரை நினைவுகூரும் விழாக்களில் இவற்றுக்குத் தனியிடம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் ஏராளமான பன்றிகள் மடிந்தன. மீண்டும் அத்தகைய இழப்பு நேர்ந்தால், இவ்வினத்தை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஈடுசெய்ய இயலாது.

ஆகவே, எலும்பு, தோல் துண்டுகள், இறைச்சி கழுவிய நீர் ஆகியவை பன்றிகளின் வாய்க்கு எட்டாதவாறு கழிவுகளை ஆழமாகப் புதைப்பதும், நீரைச் சாக்கடையில் விடுவதும் நன்று. பன்றிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால், அவற்றை அறுக்காமல் கால்நடை மருத்துவருக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும்.