உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் கண் திறக்காதபோது...

● பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் விண்டோஸைத் தேடி ஓடுவதில்லை. ப்ராசஸர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, டிஸ்பிளே இருக்கிறதா என்று முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. இதற்கு 'போஸ்ட்' என்று பெயர். இந்தக் கட்டம் ஓரளவு தாண்டினால்தான் கம்பெனியின் லோகோ திரையில் வரும். எனவே ரிப்பேர் கடைக்குப் போன் செய்யும்போது "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், லோகோ வந்ததா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். லோகோவே வராத மெஷினைப் பார்த்து "ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னால், வேறு கடை பார்ப்பது நல்லது.

● 1981இல் வந்த ஐபிஎம் பிசி, சோதனையில் தேறியதும் ஒரே ஒரு குட்டி 'பீப்' கொடுக்கும். ஒரு நீள பீப், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸில், அவார்டு நிறுவனத்துடையதும் இதே வழக்கத்தைப் பின்பற்றியது. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸிலோ டிஸ்பிளே கோளாறுக்கு எட்டுக் குட்டை பீப்! எந்த பயாஸ் என்று தெரியாமல் பீப்பை எண்ணிப் பயனில்லை.

● இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் பீப் கொடுக்கும் குட்டி ஸ்பீக்கரே கிடையாது. அதற்குப் பதில் ஓரத்தில் நான்கு பொட்டு விளக்குகள் இருக்கும்: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்பிளே), பூட். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் சிக்கல். டெல், ஹெச்பி மேசைக் கணினிகளில் முன்பக்க விளக்கே சிமிட்டிக் காட்டும். எத்தனை முறை, என்ன நிறம் என்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் கம்பெனி கையேட்டோடு ஒப்பிட்டுவிடலாம்.

● "ஃபேன் சுத்துது, அப்போ எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு" என்பது பாதி உண்மைதான். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், தன் வோல்டேஜ்கள் எல்லாம் நிலைக்கு வந்ததும் மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்று ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். அது வரும்வரை ப்ராசஸர் வேலையைத் தொடங்கவே தொடங்காது. ஃபேன் சுற்றுவதற்கோ 12 வோல்ட் மட்டும் போதும். இன்னொன்று: ப்ராசஸருக்கென்று 4 அல்லது 8 முனை கொண்ட தனி கனெக்டர் உண்டு. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் பெரிய 24 முனை கனெக்டரை மாட்டிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது.

● ஆன் ஆகி, சரியாக நான்கு விநாடியில் அணைந்துவிடுகிறதா? பவர் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் அணைத்துவிடு என்பது மதர்போர்டுக்கு இடப்பட்ட கட்டளை. பட்டனிலிருந்து வரும் ஒயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். அப்படி ஆகி நின்றால் பழுது பட்டனில்தான்.

● பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். குழந்தைகள் அதை 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் 'டமார்' என்ற சத்தத்தோடு கதை முடியும். இன்னொரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கேபினெட்டைத் திறக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, உள்ளே பல்லி செத்துக் கிடப்பது கண்ணில் பட்டாலும்.

● 1980இல் வந்த ஆப்பிள் 3 கம்ப்யூட்டரில் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலெழும்பிக் கழன்றுகொண்டன. மெஷினைச் சில அங்குலம் தூக்கிப் பொத்தென்று மேசையில் போடுங்கள் என்று ஆப்பிளே யோசனை சொன்னது! ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஆனால் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டும் நம் ஊர் வைத்தியமும் அதே தத்துவம்தான், பல நேரம் பலிக்கவும் செய்கிறது. ரப்பரால் தேய்ப்பதாக இருந்தால் மென்மையான வெள்ளை ரப்பராக இருக்கட்டும். அந்த முனைகளில் இருப்பது தங்க முலாம், அதுவும் மிக மெல்லியது. மாட்டும்போது 'க்ளிக்' சத்தம் வரவேண்டும். நான்கு ஸ்லாட்டில் இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்.

● டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷின், முதல்முறை ஆன் செய்யும்போது பல நிமிடம் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருக்கலாம். ரேமின் வேகத்தைப் பழக்கிக்கொள்கிறது. பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

● மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியில் 2032 என்று எழுதியிருக்கிறதே, அது அளவு: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். இந்த 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். வெப்சைட்டுகள் "பாதுகாப்பற்றது" என்று மிரட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பயாஸ் செட்டிங்கும் பழைய நிலைக்குத் திரும்பும். ஹார்ட் டிஸ்க்கை அணுகும் முறை அப்படி மாறிவிட்டால், நேற்றுவரை ஓடிய விண்டோஸ் இன்று நீலத் திரை காட்டும். விலையோ ஒரு நல்ல காபிக்கு ஆகும் செலவுதான்.

● 2000களின் தொடக்கத்தில் விற்ற பல மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து செத்தன. உள்ளே ஊற்றிய திரவம் சரியில்லை. டெல் நிறுவனம் மட்டும் தன் ஆப்டிப்ளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. பழைய மெஷின் இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும்.

● வைரஸால் மதர்போர்டையே முடக்க முடியுமா? முடிந்திருக்கிறது. தைவான் மாணவர் சென் இங்-ஹௌ 1998இல் எழுதிய சிஐஹெச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்தெழுந்து ஹார்ட் டிஸ்க்கை அழித்ததோடு, சில போர்டுகளின் பயாஸ் சிப்பில் குப்பையையும் எழுதிவைத்தது. சிப்பை மாற்றாமல் அவை எழவில்லை. செர்னோபில் விபத்து நடந்ததும் ஏப்ரல் 26 என்பதால் அந்த ஊரின் பெயரே இதற்கு ஒட்டிக்கொண்டது.

● லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பழைய பூட் லோடரான லிலோ, தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். பெயர் பாதியில் நின்றால், நின்ற எழுத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடலாம். இவ்வளவு எளிமையான பிழைச்செய்தியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

● 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும் பயனில்லை. விழுந்த கணினிகளில் பெரும்பாலானவை அப்டேட் வாங்கும் கட்டம்வரை எழவே இல்லை. ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய், சேஃப் மோடில் நுழைந்து, அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள்.

● அன்று பலரை நடுவழியில் நிறுத்தியது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்ததால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த விண்டோஸ் 11 கணினியில், உங்களுக்கே தெரியாமல் இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றினாலும் எண் கேட்கும், சிலசமயம் பயாஸ் அப்டேட் செய்தாலும் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் ஃபைலாகச் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.