உறைந்தது மவுஸா, கணினியா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் கர்சர் திடீரென்று நின்றுவிடும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் திரையில் எழுத்து விழாது. சில நொடிகள் கழித்துத் தட்டிய எழுத்துகள் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். அல்லது எதுவுமே நடக்காததுபோல் எல்லாம் பழையபடி ஓடும். விட்டுவிட்டு வரும் இந்தக் கோளாறுக்குப் பலரும் செய்யும் முதல் வைத்தியம் புது மவுஸ் வாங்குவது. பல வீடுகளில் அந்தப் புது மவுஸும் அடுத்த வாரமே நிற்கத் தொடங்குகிறது. காரணம் எளிது. கையசைவு திரையை அடைவதற்குள் பேட்டரி, ரேடியோ அலை, ரிசீவர், யூஎஸ்பி போர்ட், டிரைவர், விண்டோஸ் என்று பல கட்டங்களைத் தாண்டவேண்டும். இவற்றில் எது தடைபட்டாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: கர்சர் நின்றுவிட்டது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

முதல் சோதனை

கோளாறு வரும் நேரத்தில் கணினியில் ஒரு பாட்டோ வீடியோவோ ஓடிக்கொண்டிருக்கட்டும். கர்சர் நின்ற பிறகும் பாட்டு தடையின்றி ஓடினால் கணினி உயிரோடு இருக்கிறது. மவுஸிலிருந்து வரும் பாதையில்தான் அடைப்பு. பாட்டு அறுந்துபோனாலோ, ஒரு சிறு துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ‘கிர்ர்’ என்று ஒலித்தாலோ, நின்றது கணினியேதான். ஒலிப்பகுதி தன்னிடம் கடைசியாக வந்து சேர்ந்த துணுக்கையே மறுபடி மறுபடி வாசிப்பதால் வரும் சத்தம் அது.

கேப்ஸ் லாக் விளக்கும் நல்ல சாட்சி. யூஎஸ்பி கீபோர்டு அந்த விளக்கைத் தானாக ஏற்றுவதில்லை. கேப்ஸ் லாக் அழுத்தப்பட்டது என்ற செய்தி கணினிக்குப் போய், கணினி உத்தரவிட்ட பிறகே விளக்கு எரிகிறது. ஆகவே கர்சர் நின்றிருக்கும்போது கேப்ஸ் லாக்கை அழுத்தி விளக்கு மாறினால், கீபோர்டும் அதன் போர்ட்டும் விண்டோஸும் வேலை செய்கின்றன என்று பொருள். விளக்கு மாறாமல் பாட்டும் நின்றிருந்தால் கணினி முழுவதும் உறைந்திருக்கிறது.

மூன்றாவது வகையும் உண்டு. கர்சர் தாராளமாக நகரும், ஆனால் கிளிக் செய்தால் எதுவும் திறக்காது. இது மவுஸ் கோளாறே அல்ல. ஏதோ ஒரு புரோகிராம் சிக்கியிருக்கிறது, அல்லது ஹார்டு டிஸ்க் திணறுகிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், சிபியூ, மெமரி, டிஸ்க் ஆகியவற்றில் எது நூறு சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது என்று பார்க்கலாம்.

வயர்லெஸ் தொல்லைகள்

வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு என்றால் பேட்டரியை மாற்றிப் பார்ப்பதே முதல் படி. அடுத்து ரிசீவர் செருகியிருக்கும் இடம். மவுஸ்-கீபோர்டு ஜோடிகள் பெரும்பாலும் ஒரே ரிசீவரில் ஓடுவதால், அதற்குத் தடங்கல் வந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். இவ்வகைச் சாதனங்களும் புளூடூத்தும் வைஃபையின் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பங்குபோட்டுக்கொள்கின்றன.

இந்த நெரிசலில் பலர் அறியாத ஒரு பங்காளி யூஎஸ்பி 3.0. வேகமாகத் தகவல் கடத்தும்போது இதன் கேபிளும் இணைப்பு முனையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனம் 2012-இலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கில் படங்களை நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். தீர்வுக்குச் செலவு குறைவு. ரிசீவரை ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் செருகி, ஹார்டு டிஸ்க்கை விட்டுத் தள்ளி, மவுஸுக்கு அருகில் மேசைமேல் வைத்தால் போதும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கணினியின் வைஃபையை அதற்கு மாற்றுவதும் நெரிசலைக் குறைக்கும்.

போர்ட்டும் மின்சாரமும்

கேபிள் உள்ள மவுஸும் கீபோர்டும் நின்றால், காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். யூஎஸ்பி சாதனம் துண்டிக்கப்படும்போது ஒரு மணியோசையும் மீண்டும் இணையும்போது இன்னொன்றும் எழுப்புவது விண்டோஸின் வழக்கம். யாரும் எதையும் பிடுங்காத நேரத்தில் இந்த இரட்டை ஓசை கேட்டால், இணைப்பு ஒரு கணம் அறுந்து சேர்ந்திருக்கிறது. கேபிள் மவுஸுக்குள் நுழையும் வளைவில் உள்கம்பி ஒடிந்திருக்கலாம், போர்ட் தளர்ந்திருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம்.

மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு தனி வயர் வழியாக மதர்போர்டுடன் இணைகின்றன. பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பதிந்தவை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றிச் செருகிய உடனே பல கோளாறுகள் மறைந்துபோவது இதனால்தான். ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக வகுக்கப்பட்ட மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ், வெப் கேமரா எல்லாம் செருகினால் அந்த ஒரே அளவை அத்தனையும் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். மவுஸையும் கீபோர்டையும் ஹப்பிலிருந்து எடுத்துக் கணினியிலேயே நேராகச் செருகிப் பார்க்கவேண்டும்.

மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் செய்யும் ஏற்பாடும் சில நேரம் வினையாகிறது. சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை அது தூங்கவைக்கும். சில சாதனங்கள் விழிக்கத் தாமதிக்கும். சற்று நேரம் தொடாமல் இருந்துவிட்டுத் தொடும்போது மட்டும் கோளாறு வந்தால் சந்தேகம் இங்கே விழவேண்டும். டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ என்ற பெயருள்ளவற்றைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற அமைப்பு தெரிந்தால் அதையும் நிறுத்தலாம்.

பழுதே இல்லாத பழுதுகள்

வலப்பக்க ஷிப்ட் விசையை 8 நொடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதியை இயக்கலாமா என்று ஒரு கேள்வி எழும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக அமைந்த வசதி இது. கணநேரம் மட்டும் விழும் தட்டல்களையும் அடுத்தடுத்துத் திரும்ப விழும் தட்டல்களையும் கணக்கில் எடுக்காது. தெரியாமல் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால், கீபோர்டு பாதி செத்ததுபோல் இருக்கும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் அணைத்தால் சரியாகிவிடும். லேப்டாப்பில் தட்டச்சு செய்யும்போது டச்பேட் மட்டும் உறைவது பெரும்பாலும் திட்டமிட்ட ஏற்பாடே. உள்ளங்கை பட்டுக் கர்சர் ஓடாமலிருக்க அது சற்று நேரம் பூட்டப்படுகிறது.

டிரைவர் சிக்கலைப் பிரித்தறிய, வேறொரு மவுஸைச் செருகிப் பார்ப்பதும், அதே மவுஸை வேறொரு கணினியில் ஓட்டிப் பார்ப்பதும் நேர்வழி. கணினியை சேஃப் மோடில் இயக்கினால் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். அங்கே கோளாறு வராவிட்டால், அண்மையில் நிறுவிய மென்பொருளோ புதுப்பித்த டிரைவரோ குற்றவாளி. டிவைஸ் மேனேஜரில் உள்ள ‘ரோல் பேக் டிரைவர்’ பழைய டிரைவரைத் திருப்பித் தரும்.

கணினியே நிற்கும்போது

பாட்டும் சேர்ந்து நின்றிருந்தால் தேடவேண்டிய இடங்கள் வேறு: ஹார்டு டிஸ்க், ரேம், வெப்பம், பயாஸ். படிக்க முடியாத ஒரு பகுதியில் சிக்கிய ஹார்டு டிஸ்க் அதையே மீண்டும் மீண்டும் படிக்க முயலும்; அந்த நொடிகளில் கணினி காத்திருக்கும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில், கணினி நின்ற அதே நேரத்துக்கு எதிரே டிஸ்க் பெயரில் 7 என்ற எண்ணோ, சேமிப்பகத்துக்கு ரீசெட் அனுப்பியதாக 129 என்ற எண்ணோ இருந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது. ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. விசிறியிலும் ஹீட் சிங்கிலும் படிந்த தூசியைத் துடைத்தால் வெப்பம் குறையும்.

பயாஸ் வரை போகத் தேவையில்லை என்று பலர் நினைப்பதுண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் அனுபவம் வேறு மாதிரி. அதன் 500 வரிசை சிப்செட் கணினிகளில் யூஎஸ்பி இணைப்பு விட்டுவிட்டு அறுவதாக 2021-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் புதுப்பிப்பு வழியாகத் தீர்வு தந்தது. மறு ஆண்டு இன்னொன்று வந்தது. சில ரைசன் கணினிகளில் பாதுகாப்புக்கான எஃப்டிபிஎம் பகுதி மதர்போர்டின் ஃபிளாஷ் நினைவகத்துடன் நீண்ட பரிமாற்றத்தில் ஈடுபடும்போது கணினி முழுவதும் சற்றுத் திக்குவதை 2022 மார்ச்சில் அது அறிவித்தது. இதற்கும் பயாஸ் புதுப்பிப்பே மருந்தானது. இப்படிப்பட்ட கணினியில் எத்தனை மவுஸ் மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

விட்டுவிட்டு வரும் கோளாறில் ஒரே நாளில் நான்கு மாற்றம் செய்தால், எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு ஓரிரு நாள் கவனிப்பு, நின்ற நேரத்தையும் அப்போது ஓடிய வேலையையும் குறித்துவைத்தல்; இதுவே முறை. பழுது பார்ப்பவரிடம் போக நேர்ந்தாலும் இந்தக் குறிப்பு அவருடைய நேரத்தையும் வீட்டுக்காரரின் பணத்தையும் மிச்சப்படுத்தும். சந்தேகம் ஹார்டு டிஸ்க் பக்கம் சாய்ந்தால் மட்டும் இந்த நிதானம் கூடாது. எல்லாச் சோதனைகளையும் ஒத்திவைத்து, புகைப்படங்களையும் ஆவணங்களையும் அன்றே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும்.