காபரேற்றரும் ஜெற்றின் அளவும்

உண்ணும் உணவுக்கு அளவு வேண்டுதல் மனிதர்க்கு மட்டும் உரிய விதியன்று. இயந்திரங்களுக்கும் அவ்விதி பொருந்தும். மோட்டார் சைக்கிளின் உணவு பெற்றோல் என்று பொதுவாகக் கூறுவர். உண்மையில் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையே அதன் உணவாகும். ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது இரசாயன நூலார் கண்ட கணக்கு. இயந்திரம் தன் முழு வலுவையும் தருதல் வேண்டுமெனின் காற்றின் பங்கு 13க்கு அண்மையில் நிற்றல் நன்று. சிக்கனமாக ஓடுதல் வேண்டுமெனின் 16 வரை செல்லலாம். காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்த கலவையைச் செறிந்த கலவை என்றும், காற்று மிகுந்து பெற்றோல் குறைந்ததை மெலிந்த கலவை என்றும் ஈண்டுக் கூறுவோம். இவ்விரண்டிற்கும் நடுவே கலவையை நிறுத்துவது காபரேற்றரின் தொழில். அத்தொழிலில் பெற்றோலை அளந்து விடுவது ஜெற் எனப்படும் சிறு பித்தளைத் துண்டு. அதன் நடுவிலுள்ள நுண்துளையின் அளவே இக்கட்டுரையின் பொருளாகும்.

காபரேற்றரின் காலம் கழிந்துவிட்டதன்றோ என்று சிலர் வினவக்கூடும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் பின், புதிய மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் எரிபொருளை மின்னியல் முறையாற் பீச்சும் கருவி இடம்பெற்றுவிட்டது. ஆயின் இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஆதலின் அதற்கு முன் வந்த காபரேற்றர் வண்டிகள் நாட்டுப்புறங்களில் இன்றும் உழைத்து வருகின்றன. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற ஊர்களிற் பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் செல்வோர்க்கு அவையே கால்கள். அவற்றைப் பழுதின்றிப் பேணுவது ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு தொடர்புடைய காரியமாகும்.

காபரேற்றர் தொழிற்படும் முறை

ஓடும் பாய்பொருளின் வேகம் மிகுமிடத்து அதன் அமுக்கம் குறையும் என்னும் உண்மையைத் தானியேல் பேர்ணூலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழாய் இடுங்குமிடத்து நிகழும் இவ்விளைவை இத்தாலிய அறிஞர் வெந்தூரி ஆராய்ந்து 1797இல் வெளியிட்டார். பெற்றோலைத் தாரையாகச் சிதறிக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்கு 1893இல் அங்கேரி நாட்டுப் பாங்கியும் சொன்காவும் உரிமை பெற்றனர். அதே காலத்தில் ஜேர்மனியில் மேபாக்கும் இவ்வழியில் வெற்றி கண்டார்.

பிஸ்ரன் கீழிறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. காபரேற்றரின் இடுங்கிய வாயில் அது விரைந்து செல்லுதலால் அவ்விடத்து அமுக்கம் குறைகின்றது. கீழேயுள்ள மிதவைக் கிண்ணத்துப் பெற்றோலின் மீதோ வளிமண்டல அமுக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். இவ்விரண்டு அமுக்கங்களின் வேறுபாடே பெற்றோலை ஜெற்றின் வழியாக மேலே தள்ளுகின்றது. எனவே இயந்திரம் பெற்றோலை உறிஞ்சுகின்றது என்பதினும் வளிமண்டலம் அதனை ஊட்டுகின்றது என்பதே பொருந்தும். மிதவைக் கிண்ணத்திற் பெற்றோலின் மட்டம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஊட்டும் அளவு மாறிவிடும் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நால்வகைப் பகுதிகள்

சிறு மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலும் காணப்படுவது, கைப்பிடியைத் திருகும்போது மேலெழும் உருளை வடிவான அடைப்பையுடைய காபரேற்றராகும். இதில் ஒரே ஜெற் எல்லா வேளையிலும் ஆட்சி செய்வதில்லை. கைப்பிடி மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டிலொரு பங்கு திறக்கும் வரை பைலற் ஜெற் எனப்படும் சிறு ஜெற்றும் அதனோடியைந்த திருகாணியும் கலவையை நிருணயிக்கும். எட்டிலொன்றிலிருந்து காற்பங்கு வரை அடைப்பின் அடியில் வெட்டப்பட்டுள்ள சரிவு முதன்மை பெறும். காற்பங்கிலிருந்து முக்காற்பங்கு வரை, அடைப்பிலிருந்து தொங்கும் கூரிய ஊசியும் அது நுழையும் துளையும் அளவை வகுக்கும். முக்காற்பங்குக்கு மேல் முழுவதும் திறக்கும் வரையிலேதான் பிரதான ஜெற் தன் முழு அதிகாரத்தைச் செலுத்தும். இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று சிறிது கலப்பனவே. எனினும் முறை இதுவே.

இம்முறையை அறியாமையாற் பல பிழைகள் நேர்கின்றன. வண்டி நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடாது அணைந்து போகுமாயின் பிரதான ஜெற்றை மாற்றுதல் வீண். முழுவேகத்தில் வலுவிழக்குமாயின் திருகாணியைத் திருகுதல் வீண். எந்நிலையிற் குறை தோன்றுகின்றதோ அந்நிலைக்குரிய பகுதியையே நாடுதல் வேண்டும். கைப்பிடியில் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிக் கால், அரை, முக்கால் என அடையாளமிட்டுக்கொண்டு வண்டியை ஓட்டினால் குறையின் இருப்பிடம் எளிதிற் புலப்படும்.

எண்ணின் பொருள்

ஜெற்றின் மேல் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வெண் எல்லா நிறுவனங்களிடத்தும் ஒரே பொருளுடையதன்று. ஆங்கில நாட்டு அமல் நிறுவனத்தின் ஜெற்றிலும், யப்பானிய மிக்குனி நிறுவனத்தின் அறுகோணத் தலையுடைய ஜெற்றிலும் காணும் எண், நிலையான சோதனையில் ஒரு நிமிடத்திற் பாயும் திரவத்தின் கன சென்ரிமீற்றர் அளவைக் குறிப்பது. கெய்கின் நிறுவனத்தின் பிரதான ஜெற்றில் உள்ள எண்ணோ துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகளிற் குறிப்பது. ஆகவே முன்னையதில் 100 என்பதை 105 ஆக்கினால் பெற்றோல் நூற்றுக்கு 5 பங்கு மிகும். பின்னையதில் அதே மாற்றம் செய்தால், வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைத் தொடர்வதால், நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் மிகும். ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுதல் முழத்தையும் படியையும் ஒப்பிடுவது போலாகும்.

இக்கணக்கிலிருந்து வேறோர் உண்மையும் பெறப்படும். அடைபட்ட ஜெற்றை உருக்குக் கம்பியாற் குத்திச் சுத்தஞ்செய்யும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. 0.35 மில்லிமீற்றர் விட்டமுடைய பைலற் ஜெற்றின் துளை அதனால் 0.02 மில்லிமீற்றர் மட்டும் விரிந்ததாயினும் பரப்பு நூற்றுக்கு 12 பங்கு வரை மிகுந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத கீறல் கலவையைக் கெடுத்துவிடுகின்றது. மேலே பொறித்த எண்ணோ மாறாதிருந்து பொய்ச்சாட்சி கூறுகின்றது. பெற்றோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதிச் சுத்தஞ்செய்வதே முறை.

மலையும் ஜெற்றும்

பல்லேபொல கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீற்றர் உயரத்தில் உள்ளது. மலைநாட்டு மாகாணத்து ஊர் ஆதலின் அங்குள்ள வண்டிக்குச் சிறிய ஜெற் வேண்டுமென்று கருதுதல் இயல்பே. அக்கருத்துச் சரிதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். காபரேற்றரோ காற்றின் நிறையை அறியாது. அதன் ஓட்டத்தை மட்டுமே அறியும். ஆதலால் மெல்லிய காற்றிலும் தேவைக்கு மேற்பட்ட பெற்றோலை விட்டுவிடும். கலவை செறிவுறும் அளவு அடர்த்திக் குறைவுக்கு நேரே சமமாவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நியம வளிமண்டலக் கணக்கின்படி 300 மீற்றர் உயரத்திற் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 3 பங்களவே குறையும். அதனாற் கலவை செறிவது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு மாத்திரமே. விட்ட அளவால் எண்ணிடப்பட்ட 100ஆம் எண் ஜெற்றில் இஃது ஓர் எண்ணுக்கும் குறைவான வேறுபாடு. விடியற்காலையில் 22 பாகை வெப்பத்திலிருந்து நண்பகலில் 32 பாகைக்கு ஏறும் ஒரு நாளிலும் காற்றின் அடர்த்தி இதே அளவு குறைகின்றது. காலைக்கொரு ஜெற், மாலைக்கொரு ஜெற் என மாற்றுவார் எவருமில்லை. அவ்வாறாயின் இத்தகைய உயரத்துக்கென ஜெற்றை மாற்றுதலும் வேண்டாததேயாம்.

நுவரெலியாவின் நிலை வேறு. 1868 மீற்றர் உயரத்தில் உள்ள அந்நகரிற் காற்றின் அடர்த்தி கடலோரத்தினும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு குறைவு. 300 மீற்றர் உயரத்திலிருந்து அங்கு ஏறும் வண்டியின் கலவை நூற்றுக்கு 8 பங்களவு செறிவுறும். அங்கேயே நிலையாக ஓடும் வண்டிக்கு, பாய்ச்சல் அளவால் எண்ணிட்ட ஜெற்றாயின் 100க்குப் பதிலாக 93உம், விட்ட அளவால் எண்ணிட்டதாயின் 96உம் பொருந்தும் எனக் கணக்குக் காட்டும். கிடைக்கும் எண்களுள் இவற்றுக்கு அண்மையானதைத் தெரிந்துகொள்ளலாம். ஆயினும் மெல்லிய காற்றால் இழந்த வலுவை எந்த ஜெற்றும் மீட்டுத்தராது. ஜெற் சீர்செய்வது கலவையின் விகிதத்தை மட்டுமே. மலையேறும் வண்டி தளர்வது ஜெற்றின் குற்றமன்று, காற்றின் இயல்பு.

மலைக்கு ஒருநாள் யாத்திரை சென்று மீள்வோர் ஜெற்றை மாற்றாதிருத்தலே அறிவுடைமை. மாற்றாது சென்றால் சிறிது பெற்றோல் வீணாகும். பிளக்கிற் கரி படியும். மாறாகச் சிறிய ஜெற்றைப் பூட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கினால் கலவை மெலியும். பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உட்கொண்டு இயந்திரத்தைக் குளிர்விக்கும். முழுவேகத்திற் கலவை மெலியுமாயின் அக்குளிர்ச்சி குன்றும்; பிஸ்ரன் மிகையாகச் சூடேறி உருளையோடு இறுகவுங் கூடும். பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றும் இரண்டடி இயந்திரங்களில் ஆபத்து இரட்டிப்பாகும். பெற்றோல் குறையுமிடத்து எண்ணெயும் உடன் குறையுமன்றோ? செறிவு பணத்தைக் கெடுக்கும். மெலிவு இயந்திரத்தையே கெடுக்கும். இவ்விரண்டும் ஒத்த பிழைகள் அல்ல.

சிக்கனம் என்னும் மயக்கம்

2022ஆம் ஆண்டிலே இலங்கையில் எரிபொருட் பஞ்சம் உச்சமடைந்தபோது தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே உரித்தாயிற்று. பங்கீடு படிப்படியாக உயர்ந்து 2023 செப்ரெம்பரில் அம்முறை நீங்கியது. துளி துளியாகப் பெற்றோலை எண்ணும் அத்தகைய காலத்தில், துளையைச் சிறிதாக்கினாற் செலவு சிறிதாகும் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயின் மேலே கூறிய நால்வகைப் பகுதிகளை நினைவுகூர்ந்தால் அவ்வெண்ணத்தின் குறை விளங்கும். வளைந்த கிராமப் பாதைகளிற் செல்வோன் கைப்பிடியைப் பெரும்பாலும் அரைப்பங்குக்கு மேல் திறப்பதில்லை. அவ்வேளையிற் பிரதான ஜெற்றின் ஆட்சி மிகச் சிறிதே. ஆகவே அதனைக் குறைப்பதால் அன்றாட ஓட்டத்திற் கிடைக்கும் இலாபமும் மிகச் சிறிது. பாரமேற்றி ஏற்றத்தில் முழுமையாகத் திறக்கும்போதோ, இயந்திரத்துக்குப் பெற்றோல் மிக வேண்டிய அவ்வேளையிலேயே, அது கிடையாமற் போகும். சிக்கனம் காணாத இடத்திற் சிக்கனமும் செய்யாது, தேவைப்படும் இடத்திற் கேடும் செய்வது இம்மாற்றம்.

உண்மையான சிக்கனம் வேறிடங்களில் உள்ளது. தூசி படிந்த காற்று வடிகட்டி கலவையைச் செறிவிக்கும். அதனைச் சுத்தஞ்செய்தல் முதற் கடமை. மிதவையின் அடைப்பு ஊசி தேய்ந்தால் பெற்றோல் மட்டம் உயர்ந்து வழியும். காபரேற்றரையும் இயந்திரத்தையும் இணைக்கும் றப்பர்க் குழாய் வெடித்தாற் களவாகக் காற்றுப் புகுந்து கலவையை மெலிவிக்கும். சோக் முற்றாக மூடாவிடினும், ரயரிற் காற்றுக் குறைந்தாலும், பிறேக் உராய்ந்துகொண்டிருந்தாலும் பெற்றோல் வீணாகும். இவற்றை ஆராயாது ஜெற்றை மாற்றுவோர் ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைப்பவராவர்.

சோதிக்கும் முறை

இவையெல்லாம் சீராக இருந்தும் குறை நீங்காதாயின் ஜெற்றைச் சோதிக்கலாம். குறை தோன்றும் நிலையிற் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் தெளிந்து ஓடுமாயின் கலவை மெலிந்திருந்தது. மேலும் தளருமாயின் கலவை செறிந்திருந்தது என்று துணியலாம். பிளக்கின் வெண்மையான பீங்கான் பகுதியும் சாட்சி கூறும். கரிய புகை படிந்திருத்தல் செறிவின் அடையாளம், சுண்ணாம்பு போல் வெளுத்திருத்தல் மெலிவின் அடையாளம், இளங்கபிலம் நன்னிறம். ஈயம் கலவாத இக்காலப் பெற்றோலில் நிறம் மென்மையாகவே படிவதால், ஒரு நாள் ஓட்டத்தைக் கொண்டு அவசரமாக முடிவு செய்தல் ஆகாது. மாற்ற வேண்டுமெனத் தெளிந்தால் ஒரு படியளவே மாற்றுதல் வேண்டும்; ஒரு வேளையில் ஒரு பகுதியையே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றுவோன் விளைவு எதனால் வந்ததென்று கூற இயலாதவனாவான். ஐயம் நேருமிடத்துச் செறிந்த பக்கத்திலிருந்து தொடங்கி மெல்லக் குறைத்து வருவதே பாதுகாப்பான வழி. உற்பத்தி செய்தோர் முதலில் இட்டிருந்த எண்ணைக் குறித்து வைத்தலும் நன்று. வழி தவறியவர்க்குத் திரும்பிச் செல்லும் இடம் அதுவே.

ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள துளையில் அமுக்கம், அடர்த்தி, வெப்பம், பரப்பு என்னும் பௌதிகப் பாடங்கள் பலவும் ஒன்றுகூடி நிற்கின்றன. வகுப்பறையில் வர்க்கமூலத்தைக் கற்ற மாணாக்கன் வீதியோரத்து வண்டித் திருத்துமிடத்தில் அதன் பயனைக் காணலாம். காரணத்தை முதலில் அறிந்து, அளந்து, அதன்பின் கைவைத்தல் என்னும் ஒழுங்கே விஞ்ஞானம் எனப்படுவது. அவ்வொழுங்கைக் கைக்கொள்வோர்க்கு மலிவான ஒரு பித்தளைத் துண்டு நெடுங்காலம் உழைக்கும். கைக்கொள்ளாதார்க்கோ இயந்திரம் முழுவதுமே விலையாகும்.