'வஹ்ஹாபி' என்ற சொல் எங்கிருந்து வந்தது?



மவ்லிது ஓதாதவரையும் தர்கா ஸியாரத்துக்குப் போகாதவரையும் 'வஹ்ஹாபி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் பழக்கம் நம்மிடையே உள்ளது. இச்சொல்லின் பேரால் நிக்காஹ் தஃப்தரும், மையித்தை அடக்க இடமும் மறுக்கப்பட்ட ஊர்கள் தமிழகத்தில் உண்டு. எனவே இதன் வரலாற்றை அறிவது அவசியம்.

'அல்வஹ்ஹாப்' அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்று. 'தாராளமாகக் கொடுப்பவன்' என்பது பொருள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியை நிறுவிய பெரியாரின் பெயரும் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) தான்.

அரபு நாட்டின் நஜ்து பகுதியில் சீர்திருத்தப் பிரச்சாரம் செய்தவர் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் (1703–1792). அவருடைய தந்தையின் பெயரை வைத்து எதிர்ப்பாளர்கள் சூட்டியதே இந்தப் பெயர். அவரைப் பின்பற்றியவர்களோ தங்களை 'முவஹ்ஹிதூன்', அதாவது ஏகத்துவவாதிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இந்தியாவில் இச்சொல்லைப் பரப்பியதில் ஆங்கில அரசுக்குப் பெரும் பங்குண்டு. 1831-ல் பாலாகோட்டில் ஷஹீதான ஸையித் அஹ்மத் (ரஹ்) டெல்லி ஷாஹ் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களிடம் பயின்றவர். ஆயினும் அவருடைய இயக்கத்தாரை அரசு 'வஹ்ஹாபிகள்' என்றே எழுதியது. 1864-ல் அம்பாலாவில் நடந்த ராஜத்துரோக வழக்கும் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. அக்காலத்தில் வஹ்ஹாபி என்றால் அரசின் எதிரி என்றே பொருள்பட்டது. இதனால் அவதிப்பட்ட அஹ்லே ஹதீஸ் பிரிவினர் முறையிட்டதன் பேரில், 1880களில் அரசு தன் கடிதங்களில் அவர்களை அப்படி அழைப்பதைக் கைவிட்டது.

அரசு விட்ட சொல்லை நாம் விடவில்லை. அதற்குப் பதிலாக மறு தரப்பார் 'கப்ரு வணங்கி' என்கிறார்கள். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை ஸூரத்துல் ஹுஜுராத் 11-ஆம் வசனம் தடுக்கிறது. அந்தத் தடை இரு தரப்புக்கும் பொருந்தும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வாழும் நம்மில் பலர் வெவ்வேறு ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். ஊர்ச் சண்டையை இங்கேயும் சுமக்க வேண்டாம். கருத்து வேறுபாடு இருந்தால் இன்ன விஷயத்தில் வேறுபாடு என்று பெயர் சொல்லிப் பேசுவோம். ஆலிம்களிடம் தெளிவு கேட்போம். ஸலாம் சொல்வதையும், நோயாளியை விசாரிப்பதையும், ஜனாஸாவில் கலந்துகொள்வதையும் ஒரு பட்டப்பெயருக்காக நிறுத்த வேண்டாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்