சுவரும் ஒரு கம்பளியே

மாணவர்களே! சிம்லாவில் குளிர்காலத்தில் மக்கள் கம்பளி ஆடை அணிவர். வீட்டுக்குக் கம்பளி எது? அதன் சுவரே. சுவரின் வழியே வெப்பம் வெளியேறினால், அறையில் எரியும் ஹீட்டரின் மின்சாரம் வீணாகும்.

இதைத் தடுக்கவே குடியிருப்புகளுக்கான ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு 2018ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. குளிர்மண்டல வீடுகளில், கூரை நீங்கலான வெளிப்புறத்தின் யு மதிப்பு 1.8ஐத் தாண்டலாகாது என்பது அதன் விதி. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு.

கணக்கிடும் முறை எளிது. மீட்டரில் அளந்த தடிமனைப் பொருளின் வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். 23 செ.மீ. செங்கற்சுவருக்கு 0.23 ÷ 0.8 = 0.29. சுவரின் இருபுறமும் ஒட்டியுள்ள காற்றுப்படலங்களின் தடை 0.17. இரண்டையும் கூட்டினால் 0.46. இனி, 1 ÷ 0.46 = 2.17. இதுவே சுவரின் யு மதிப்பு. இது வரம்பை மீறுகிறது.

அச்சுவரில் 5 செ.மீ. தெர்மாகோல் சேர்ப்போம். அதன் தடை 0.05 ÷ 0.04 = 1.25. மொத்தத் தடை 1.71 ஆக உயரும். யு மதிப்பு 0.58 ஆகக் குறையும்.

ஆயினும் சாளரத்தை மறத்தல் கூடாது. ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு ஏறத்தாழ 5.8. நான்கு பங்கு சுவருக்கு ஒரு பங்கு சாளரம் எனின், சராசரி (4 × 0.58 + 5.8) ÷ 5 = 1.62. வீடு விதிக்குள் அடங்கியது.

பயிற்சி: இதே வீட்டுக்கு 2 செ.மீ. தெர்மாகோல் போதுமா? சுவரைத் தனியாகவும் சாளரத்தோடு சேர்த்தும் கணக்கிட்டு, விடையைக் காரணத்துடன் எழுதுக.