விண்ணேறும் கரையில் ஒரு கல்விக்கூடம்

கீழ்வேளூர்ப் பகுதியில் சம்பாப் பயிர் தூர்கட்டும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வானம் முகிலால் மூடிக் கிடக்கும். ஒளிப்படக் கருவியை மட்டும் தாங்கிய செயற்கைக்கோளுக்கு அந்நாள்களில் நம் வயல்கள் தெரிவதில்லை. 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பெற்ற ரிசாட்-1 அக்குறையைத் தீர்க்க வந்தது. அது நுண்ணலைகளைத் தானே பாய்ச்சி, தரையில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு படம் வரைந்தது. முகிலும் இருளும் அதற்குத் தடையல்ல. தேங்கிய நீர் அப்படத்தில் கருத்துத் தோன்றும். பயிர் வளர வளர வயல் வெளிறிக்கொண்டே வரும். நடவு நடந்த காலத்தையும் வெள்ளம் சூழ்ந்த பரப்பையும் அதிலிருந்து கணிக்கலாம்.

அக்கோளைச் சுமந்த பிஎஸ்எல்வி ஏவூர்தி புறப்பட்டது நம் நாகையைத் தொடும் அதே வங்கக் கடலின் கரையிலிருந்துதான். வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் சிறீகரிகோட்டாத் தீவு அது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவ்விடத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது என் நெடுநாள் வேட்கை. 2019 மார்ச் 31 அன்று அங்கே ஏறத்தாழ 5,000 பேர் அமரத்தக்க பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. மறுநாளே பிஎஸ்எல்வி-சி45 விண்ணேறியதை மக்கள் அங்கிருந்து கண்டனர்.

தொலைக்காட்சி தராத பாடம் ஒன்று அம்மாடத்தில் கிடைக்கும். முதலில் வருவது ஒளி மட்டுமே. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி கொள்ளும். ஆகவே ஏவூர்தி தளத்தைவிட்டு நன்கு உயர்ந்த பின்னரே அதன் முழக்கம் வந்து நெஞ்சில் அறையும். ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள விரைவு வேறுபாட்டை நூலில் படித்த மாணவன் அதை அங்கே உடலால் உணர்வான். ரிசாட்டைச் சுமந்த பிஎஸ்எல்வி வகையின் உயரம் 44 மீட்டர், எடை 320 டன். முதற்கட்டத்தில் மட்டும் 138 டன் திண்ம எரிபொருள் உண்டு. வேண்டும்போது தணித்துக்கொள்ளும் அடுப்புத் தீயன்று அது. ஒருமுறை மூண்டால் எரிந்து தீரும்வரை நிற்காது. அத்தனை பெரும் பொருள் எரிந்து இறுதியில் சுற்றுப்பாதை சேர்ந்த கோளின் எடையோ 1,858 கிலோ! இந்த ஒப்பீட்டை எந்தக் கண்காட்சியும் மறைக்கலாகாது. விண்வெளியின் அருமை அதில்தான் விளங்கும்.

சிறீகரிகோட்டா மாடத்தை ஒட்டி அருங்காட்சியகமும் ஏவூர்தி மாதிரிகள் நிற்கும் தோட்டமும் உள்ளன. எனினும், அருங்காட்சியகம் என்ற வகையில் என் உள்ளம் நாடுவது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவையே. புவிக்காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால், மேல்வளிமண்டல ஆய்வுக்கு உகந்த இடமென விக்ரம் சாராபாய் குழுவினர் அதனைத் தேர்ந்தனர். மீனவர் வழிபட்ட புனித மரிய மகதலேனாள் ஆலயம், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா துணைநின்றதால், ஆய்வுக்கூடம் ஆயிற்று. 1963 நவம்பர் 21 மாலை முதல் ஏவூர்தி அங்கிருந்து எழுந்தது. அவ்வாலயமே இன்று விண்வெளி அருங்காட்சியகம். பணி நடந்த சுவர்களுக்குள்ளேயே அப்பணியின் வரலாற்றைக் கற்பது வேறெங்கும் எளிதில் வாய்க்காத பேறு.

இப்போது தமிழ்நாட்டின் முறை. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். சிறீகரிகோட்டாவிலிருந்து அவ்வாறு ஏவினால் வழியில் இலங்கை குறுக்கிடும். ஆதலால் ஏவூர்தி தென்கிழக்கே சென்று, பின்னர் வளைந்து திரும்புகிறது. அவ்வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. சிறிய ஏவூர்திக்கு அது தாங்கொணாச் சுமை. குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த பெருங்கடல்.

தளத்தோடு மக்களுக்கான மாடமும் அருங்காட்சியகமும் அங்கே தொடக்கத்திலேயே எழவேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிவைக்கத் தக்கதன்று இது. அந்த வளைவுப் பாதையும் நேர்ப்பாதையும் பெரிய நிலவரையில் அருகருகே விளங்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலை இன்சாட்-3டிஆர் தொடர்ந்து கண்காணித்த படங்களும் அங்கே இடம்பெறட்டும். விளக்கங்கள் அனைத்தும் நல்ல தமிழில் அமையட்டும். தளத்தில் உழைக்கும் பொறியாளர்களே முறைவைத்து வந்து, பள்ளி மாணவர்முன் நின்று, அவர்களின் வினாக்களுக்கு விடையளிக்கட்டும்.