மாடியில் குடித்தனம்

"உனக்கென்னம்மா, மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கே. மாசம் பொறந்தா பணம் கைக்கு வந்துடுது!" என்று சொல்லாத உறவினர்கள் எனக்கு இல்லை. பணம் வருவது வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பணத்தோடு கூடவே என்னென்ன வருகிறது என்பது, குடித்தனம் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

திருச்சியில் எங்களுடையது சின்ன வீடு. கீழே நாங்கள்; மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. வங்கியில் கடன் வாங்கித்தான் மாடியைக் கட்டினோம். மாடி வாடகைதான் மாதத் தவணைக்குப் போகிறது. என் கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். ஆகவே குழாய் ஒழுகுவதிலிருந்து வாடகை பாக்கி வரை எல்லாம் என் தலையில்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து குடித்தனங்களைப் பார்த்துவிட்டேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதாக வந்தது ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. மாதம் ஐந்தாம் தேதி வாடகை என்று வாய்ப்பேச்சாகத்தான் முடிவு செய்திருந்தோம். நாலு மாதம் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது மாதம் தேதி இருபதாகியும் வரவில்லை. கேட்டால், "நாளைக்குத் தந்துடறேங்க" என்று அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். இங்கே தவணைத் தேதி தாண்டிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! மோட்டார் சுவிட்ச் கீழே எங்கள் பக்கம்தானே இருக்கிறது? ஒருநாள் காலையில் போடவே இல்லை. கேட்டதற்கு, "மோட்டார் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண், இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக வந்து நின்றாள். "அக்கா, குழந்தைக்குக் காலையிலேருந்து வயித்தாலே போகுது. துணி அலசக்கூடத் தண்ணி இல்லே. ஒரு குடம் தரீங்களா?" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ரிப்பேர் என்று சொன்ன மோட்டார் உடனே ஓடியது. படியேறிக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் மேலே போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றிரவே மேலே போய் உட்கார்ந்து பேசினேன். அவருக்குக் கம்பெனியில் இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். சொல்ல வெட்கம். பாக்கியை மூன்று தவணையாகக் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சொன்னபடியே கொடுத்துத் தீர்த்தார்கள். இதை முதல் வாரமே பேசியிருந்தால் அந்தப் பாவத்தைச் செய்திருக்க மாட்டேன்.

அது பாவம் மட்டுமல்ல, சட்டப்படியும் குற்றம். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கென்று 2017ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. இரண்டு மாத வாடகை நின்றுபோய், நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வழி அதுதான், மோட்டார் சுவிட்ச் அல்ல.

அடுத்த தலைவலி ரிப்பேர். குழாய் வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது? சுவிட்ச் உடைந்தால்? எட்டணா பெறாத சமாசாரம், ஆனால் மனஸ்தாபம் இதில்தான் ஆரம்பிக்கும். சட்டத்திலேயே இதற்குப் பட்டியல் இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. மாற்றிக்கொள்வதென்றால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் சுவரில் ஈரம் கசிகிறது என்று மேலிருந்து சொன்னால், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நான் ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டேன். ஒரு மூலையில் பூச வேண்டியது, ஒரு சுவரையே கொத்திப் பூசும்படி ஆயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியம் அட்வான்ஸ். முதல் குடித்தனத்தாரிடம் வாங்கிய அட்வான்ஸை மாடிப்படிக்குக் கிராதி போடச் செலவழித்துவிட்டோம். அவருக்குத் திடீரென்று மாற்றல் உத்தரவு வந்தது. சாமான் ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது, பீரோவில் பணமில்லை. என் இரண்டு வளையல்களை அடகு வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். அட்வான்ஸ் நம் பணமல்ல, திருப்பித்தர வேண்டிய கடன். இப்போது வாங்கிய அன்றே வங்கியில் தனியாகப் போட்டுவிடுகிறேன். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, கொடுத்துவிட வேண்டும்.

இப்போதெல்லாம் புதிதாகக் குடி வருபவர்களை முதலில் உட்கார வைத்துக் காபி கொடுத்து எல்லாவற்றையும் பேசிவிடுகிறேன். வாடகைத் தேதி, தாமதமானால் முன்கூட்டியே சொல்வது, மின்சார மீட்டர் கணக்கு, எந்தப் பழுது யாருடையது, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று எல்லாம் எழுத்தில் வந்துவிடும். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுகிறோம். பிறகு இருவருமாக மாடிக்குப் போய்க் குழாய், விளக்கு, கதவு ஒவ்வொன்றையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறோம். சுவரில் இருக்கும் பழைய ஆணி ஓட்டைகூட அதில் இருக்கும்! காலி செய்யும் நாளில், "இது நீங்கள் செய்தது", "இல்லை, முன்னாலேயே இருந்தது" என்ற பேச்சுக்கே இடமில்லை. வாடகை வாங்கினால் ரசீது. பழுது பார்க்க மேலே போக வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவிட்டுத்தான் போவேன். சாவி நம்மிடம் இன்னொன்று இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது இன்னொருத்தியின் சமையலறை அல்லவா?

"இவ்வளவு கறாரா இருந்தா யாரு வருவாங்க?" என்று என் மாமியார் கேட்டார். கறாராக எழுதிக்கொண்டதால்தான் பிறகு முகம் கொடுத்துச் சிரித்துப் பேச முடிகிறது. இப்போது இருப்பவர்கள் வந்து நாலு வருஷமாகிறது. ஒரு சண்டை இல்லை. கொழுக்கட்டை மேலே போகும், பதிலுக்கு அதிரசம் கீழே வரும்.

ஆனாலும் ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. மாடியிலிருந்து "அக்கா" என்று குரல் கேட்டால், நான் முதலில் பார்ப்பது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான்.